முட்டைக்குப் பாட்டு வைத்த ஆட்காட்டி

வன்னிக்குளத்துப் பறவைகளுக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் ஒரே பாடகரை ரொம்ப நாள் தாங்க மாட்டார்கள். குளத்தில் தண்ணீர் வற்றுவதற்கு முன்னாலேயே பாடகரின் பேர் வற்றிவிடும்!

இன்றைக்கு யாருக்கு மவுசு என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். கரையில் நின்று மரங்களைப் பார்த்தால் போதும். எந்த மரத்தின் கிளை கூட்டம் தாங்காமல் வளைகிறதோ, அந்த மரத்துப் பாடகர்தான் ராஜா. நேற்றைய ராஜா பக்கத்து மரத்தில் தனியாக உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருப்பார். பாவம்தான். என்ன செய்வது!

அந்தக் குளத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. முட்டைக்குப் பாட்டு வைப்பது! முட்டை ஓடு மெலிசு அல்லவா? வெளியே கேட்பதெல்லாம் உள்ளே போகும். கண்ணைத் திறப்பதற்கு முன்பே குஞ்சு காதைத் திறந்துவிடும். அதனால் முட்டையிட்ட அம்மாக்கள் அப்போது பேர்பெற்ற பாடகரைக் கூட்டிவந்து, கூட்டுக்குப் பக்கத்தில் பாடச் சொல்வார்கள். "எம்பிள்ளைக இன்னாரு பாட்டைக் கேட்டுப் பொரிஞ்சதாக்கும்!" என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

அந்த வருஷக் கோடையில், ஆட்காட்டிக் குருவி பேச்சி நாலு முட்டை இட்டாள். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கரையோரத்துக் கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். முட்டையும் கல் மாதிரியே இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பேச்சிக்கு ஒரே குறை, அவள் குரல். ஆட்காட்டிக்குப் பாட வராது. கத்தத்தான் வரும். நரியோ பாம்போ பருந்தோ கண்ணில் பட்டுவிட்டால் போதும், "டிட்டிட்டூ! டிட்டிட்டூ!" என்று குளமே அதிரக் கத்துவாள்.

போன வருஷம் குயிலின் கச்சேரி உச்சத்தில் இருந்தபோது, புதருக்குள் ஒரு கீரி வந்தது. பேச்சி கத்தினாள். எல்லாரும் அடித்துப் பிடித்துப் பறந்து உயிர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் நன்றி சொன்னார்களா? அதுதான் இல்லை!

"நல்ல இடத்துல வந்து கெடுத்துட்டாளே! இதெல்லாம் ஒரு தொண்டையா!" என்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

பேச்சி அன்றைக்கு அழுத அழுகை அவளுக்கும் அவள் வீட்டுக்காரன் சுடலைக்கும்தான் தெரியும். அந்த ஏச்சு அவள் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது.

முட்டையிட்ட அன்றே அவள் புருஷனைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க! இந்தத் தொண்டை என்னோட போகட்டும். எம்பிள்ளைகளுக்கு வேண்டாம். முட்டை பொரியுற வரைக்கும் கூட்டுப் பக்கம் நான் வாயத் திறந்து கத்த மாட்டேன். நீங்களும் திறக்கப்படாது!"

"பாம்பு வந்தா?" என்றான் சுடலை.

"அந்தக் கரைக்குப் போய்க் கத்துங்க!"

"பாம்பு இந்தக் கரையில நிக்கும். நான் அந்தக் கரையில போயி யாருகிட்ட கத்தட்டும்?"

"எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி! சொன்னாச் சொன்னபடி கேளுங்க!"

பேச்சியிடம் பேசி ஜெயித்தவர் அந்தக் குளத்தில் யாரும் இல்லை.

பேச்சி முதலில் குயிலைத்தான் கூப்பிட்டாள். அவர் வந்து வேப்பமரத்தில் உட்கார்ந்து மனசாரப் பாடினார். பேச்சிக்குக் கண்ணே சொருகிப் போனது. அந்த நேரம் பார்த்து நாணலை விலக்கிக்கொண்டு கானாங்கோழி சொர்ணம் எட்டிப் பார்த்தாள். குளத்தில் எது புதுசு, எது பழசு என்பதெல்லாம் சொர்ணத்துக்கு அத்துப்படி.

"என்னட்டி பேச்சி, குயிலையா கூப்பிட்டிருக்க? எந்தக் காலத்துல இருக்க நீ!"

"ஏன் எக்கா? நல்லாத்தானே பாடுதாரு?"

"நல்லாப் பாடுனா ஆச்சா? போன வருஷத்து ஆளு அவரு! இப்ப எல்லாரும் மைனாவைத்தான் கேக்காக. ஆலமரத்தைப் பாரு, கிளை ஒடிஞ்சிரும் போல இருக்கு! அதுவும் போக, குயில் இங்க பாடிக்கிட்டே இருப்பாரு, அவரு வீட்டுக்காரி யாரு கூட்டுலயாவது முட்டைய வெச்சுட்டுப் போயிருவா. உனக்குத் தேவையா?"

பேச்சிக்குப் பக்கென்றது. தயங்கித் தயங்கிக் குயிலிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். குயில் கோபப்படவில்லை.

"அதனால என்ன தாயி! கேக்க ஆள் வந்தாலும் பாடுவேன், வராட்டாலும் பாடுவேன். போயிட்டு வாரேன்!" என்று பறந்து போனார்.

அடுத்து மைனா எழுந்தருளினார். அவருடைய பாட்டில் எல்லாம் இருந்தது. குயிலில் கொஞ்சம், கிளியில் கொஞ்சம், வண்டிச் சக்கரத்தின் கிறீச்சு கொஞ்சம். எதைக் கேட்டாலும் எங்கேயோ கேட்டது போல இருக்கும். ஆனால் ஆள் சாமானியப்பட்டவர் இல்லை.

"எனக்கு வெட்டுக்கிளி வேணும். பச்சையா இருக்கணும்! பழுப்பு தொண்டைக்கு ஆகாது!" என்றார்.

பேச்சி கொதிக்கிற வெயிலில் வயலெல்லாம் அலைந்து பச்சை வெட்டுக்கிளியாகப் பிடித்து வந்தாள். தான் சாப்பிட்டாளா இல்லையா என்பதே அவளுக்கு மறந்துபோனது. மைனா சாப்பிட்டுவிட்டு இரண்டு பாட்டுப் பாடுவார். ஒரு ஏப்பம் விடுவார். போய்விடுவார்.

கோடை வெயிலில் கூழாங்கல் எல்லாம் தகித்தது. முட்டை வெந்துவிடக் கூடாதே! பேச்சி அடிக்கடி குளத்துக்கு ஓடி, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவாள். அவள் போய் வரும்வரை சுடலை முட்டைமேல் உட்கார்ந்திருப்பான். அவள் திரும்பி வரும்போதெல்லாம் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"வாயத் திறந்தீங்களா?"

"நானா? சேச்சே!"

ஒரு மத்தியானம் கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சாரைப்பாம்பு ஊர்ந்து போனது. பேச்சிக்குக் கத்தல் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் அலகை இறுக மூடி அதை அப்படியே விழுங்கினாள். நல்லவேளை, பாம்பு பார்க்காமல் போய்விட்டது. பார்த்திருந்தால் நாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பாம்பு போன கையோடு சொர்ணம் வந்து நின்றாள்.

"இன்னுமாட்டி மைனா? ஐயே! இப்ப சில்வண்டு கோஷ்டிதான். கருவேலமரத்தைப் பாரு!"

பேச்சி காது கொடுத்துக் கேட்டாள். "ங்ஙீஈஈ" என்று ஒரே இரைச்சல்.

"இதுல பாட்டு எங்கக்கா இருக்கு?"

"வேகம்ட்டி, வேகம்! இப்ப வர்ற பிள்ளைக வேகத்தைத்தான் கேக்கும்!"

சில்வண்டு வந்தது. அப்புறம் ஒரு கோடை மழை பெய்தது. "சில்வண்டெல்லாம் போயிருச்சுட்டி, இனிமே தவளைதான்!" என்றாள் சொர்ணம். தவளைகள் வந்தன. பேச்சிக்கு உள்ளுக்குள் குயிலைத்தான் பிடித்திருந்தது. ஆனால் ஊர் எதைக் கேட்கிறது என்று பார்ப்பதிலேயே அவளுக்குப் பொழுது போனது. தனக்குப் பிடித்ததை யோசிக்க நேரம் ஏது?

ஒருநாள் காலையில் முட்டைகள் பொரிந்தன. நாலு குஞ்சுகள்! ஆட்காட்டிக் குஞ்சு பிறந்த அன்றே நடக்கும். இவர்கள் நடக்கவில்லை, ஆடினார்கள்! மூத்தவன் சில்வண்டு போல இரைந்தான். அடுத்தவள் மைனா பாட்டை முனகினாள். மூன்றாமவன் தவளை மாதிரி தொண்டையை உப்பவைத்தான். கடைக்குட்டி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். குளமே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

"யாத்தீ! ஆட்காட்டி பெத்த பிள்ளைகளா இது!"

"அந்தத் தொண்டை ஒண்ணுக்குக்கூட வரலையே! கெட்டிக்காரிட்டி பேச்சி!"

பேச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏசின வாயெல்லாம் புகழ்கிறதே! அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரையில் இப்படியும் அப்படியும் நடந்தாள்.

கூட்டம் கலைந்த கொஞ்ச நேரத்தில், தரையில் ஒரு நிழல் ஓடியது.

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். பருந்து!

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கத்தல் தானாகவே வெடித்து வந்தது. "டிட்டிட்டூ! டிட்டிட்டூ!"

அந்தச் சத்தம் காதில் விழுந்தால் ஆட்காட்டிக் குஞ்சு என்ன செய்யும் தெரியுமா? நின்ற இடத்திலேயே படுத்து, தலையைப் பதித்து, அசையாமல் கிடக்கும். கல்லோடு கல்லாகிவிடும். இதை அவர்களுக்கு யாரும் தனியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. முட்டைக்குள் இருக்கும்போதே அம்மா கத்தக் கத்தக் கேட்டுப் பழகிவிடுவார்கள்.

பேச்சியின் குஞ்சுகள் எதைக் கேட்டார்கள்?

"யாரு அது, புதுசாப் பாடுறது?" என்றான் மூத்தவன்.

"இது என்ன பாட்டு, நல்லாவே இல்லையே!" என்றாள் அடுத்தவள்.

"வாங்க, யாருன்னு பாப்போம்!" என்று மூன்றாமவன் ஓடினான். நாலு பேரும் கற்கூட்டத்தை விட்டு, அங்கங்கே ஒரு கல் கிடந்த வெட்டவெளி மணலுக்கு ஓடினார்கள். கடைக்குட்டி நடுவில் நின்று தலையை ஆட்டி ஆடினாள்!

"ஐயோ! படுங்க! படுங்கடா! நான்தான் உங்க அம்மா!" என்று பேச்சி கதறினாள். கதறக் கதற அவர்கள் இன்னும் நிமிர்ந்து பார்த்தார்கள். பேச்சி சிறகு ஒடிந்தவள் போலத் தரையில் இழுத்து இழுத்து விழுந்தாள், பருந்து தன்பக்கம் வரட்டும் என்று. பருந்து அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் கண் கடைக்குட்டிமேல் இருந்தது. சிறகை மடக்கிக்கொண்டு அது கீழே பாய்ந்தது.

அப்போது கற்களுக்கு நடுவே குனிந்தபடி சுடலை ஓடி வந்தான். கத்தவில்லை. குஞ்சுகளின் பக்கத்தில் போய், மூச்சுக்காற்றில் சொல்வது போல மெல்லச் சொன்னான்.

"டிட்… டிட்… டூ."

நாலு குஞ்சும் பொத்தென்று படுத்தன. அசைவில்லை, மூச்சில்லை. மணல் எங்கும் கல்தான் கிடந்தது!

பருந்து இறங்கி வந்து ஒரு கூழாங்கல்லைப் பற்றித் தூக்கியது. பார்த்தது. சீ என்று கீழே போட்டுவிட்டு, தலைக்குமேல் ஒரு வட்டம் சுற்றி, போய்விட்டது.

பேச்சி ஓடி வந்து பிள்ளைகளை இறகுக்குள் அள்ளிக்கொண்டாள்.

"நான் அவ்வளவு கத்தியும் கேக்கலையே! நீங்க சொன்னது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சுடலை தரையைப் பார்த்தான்.

"நீ தண்ணிக்குப் போகும்போதெல்லாம் முட்டைகிட்ட குனிஞ்சு மெதுவாச் சொல்லிக்கிட்டே இருந்தேன் புள்ள. வானத்துல ஏதாவது தெரிஞ்சா உடனே சொல்லிருவேன். என்னால அடக்க முடியலை. அப்பன் குரலே தெரியாம பிள்ளை பிறக்கலாமா?"

"அப்போ 'சேச்சே'ன்னீங்களே!"

"உண்மையச் சொல்லியிருந்தா நீ என்னைக் கொத்தியே கொன்னிருப்ப!"

பேச்சிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நாலு பேரு ஏசுனாங்கன்னு வெக்கப்பட்டு, பெத்த பிள்ளைகளையே பருந்துக்குக் கொடுக்கப் பாத்தேனே! நான் ஒரு மடச்சி!" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தன் முழுக் குரலில் கத்திக் காட்டினாள். சாயங்காலத்துக்குள் அவள் கத்துகிற கத்தலுக்கு நாலு பேரும் டப்பு டப்பென்று படுத்தார்கள்.

"இனிமே மைனா பாட்டு கேக்கக் கூடாதாம்மா?" என்றாள் அடுத்தவள் பயந்துகொண்டே.

"ஏன் கேக்கக் கூடாது? நல்லாக் கேளு! தவளையக் கேளு, சில்வண்டக் கேளு. குயிலக் கட்டாயம் கேளு. ஆனா நான் கத்துனா அது பாட்டு இல்ல. அந்த நேரம் ஆடப்படாது!"

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வன்னிக்குளம் சும்மா இருக்குமா? பருந்து கல்லைத் தூக்கிப் போட்ட கதையும், பேச்சியின் கத்தலுக்குக் குஞ்சுகள் படுக்கிற கதையும் குளமெல்லாம் பரவிவிட்டன. மறுநாள் பொழுது விடிந்ததும் சொர்ணம் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"எட்டி பேச்சி! இப்ப எல்லாரும் உன்னைத்தான் கேக்காக! ஆலமரத்துல உச்சிக்கிளையை உனக்குன்னு ஒதுக்கியாச்சு. பச்சை வெட்டுக்கிளி குவிஞ்சு கிடக்கு. வந்து எல்லாரு முட்டைக்கும் கத்தணுமாம்! எனக்கும் நாணலுக்குள்ள முட்டை இருக்கு, முதல்ல என் வீட்டுக்குத்தான் வரணும், சொல்லிட்டேன்!"

பேச்சி திகைத்து நின்றாள். போன வருஷம் காறித் துப்பின குரல் இது! இதற்காக அவள் எத்தனை ஏங்கியிருப்பாள்! ஒரு கால் ஆலமரத்துப் பக்கம் போகவே செய்தது.

அந்த நேரம் ஆலமரத்திலிருந்து ஒரு சத்தம். "டிட்டிட்டூ! டிட்டிட்டூ!" மைனா! எது மவுசோ அதைத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்வது அவர் வழக்கம்.

பேச்சியின் குஞ்சுகள் பொத்தென்று படுத்தார்கள். மைனா மறுபடி பாடினார். மறுபடி படுத்தார்கள். மூன்றாவது முறை கடைக்குட்டி தலையைத் தூக்கிச் சிரித்தாள்.

"அது சும்மா பாட்டுதானேம்மா! எதுக்குப் படுக்கணும்?"

பேச்சி நேராக ஆலமரத்துக்குப் பறந்தாள். உச்சிக்கிளையில் உட்காரவில்லை. மைனாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது.

"மைனா! உங்க பொந்துல முட்டை இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"இப்ப நீங்க பாடுறதக் கேட்டு, இது வெறும் பாட்டுன்னு உங்க பிள்ளை நெனச்சுக்கும். நாளைக்குப் பருந்து வந்து நான் நெசமாவே கத்தும்போது, அது பொந்துக்கு வெளிய தலைய நீட்டி ஆடும். பரவாயில்லையா?"

அதற்கப்புறம் அந்தச் சத்தத்தை மைனா எந்தப் பாட்டிலும் சேர்க்கவே இல்லை.

"நான் பாட வரலை," என்றாள் பேச்சி கூட்டத்தைப் பார்த்து. அவள் குரல் கணீரென்று இருந்தது. "ஆபத்து வந்தா எப்பவும் போலக் கத்துவேன். பிடிச்சாலும் கத்துவேன், பிடிக்காட்டாலும் கத்துவேன். வெட்டுக்கிளிய எடுத்துக்கிட்டுப் போங்க!"

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. சொர்ணம் மட்டும் பேச்சியின் பின்னாலேயே வந்தாள்.

"எட்டி, என் முட்டைக்காவது வந்து கத்திட்டுப் போயேன்!"

"எக்கா, உங்க முட்டைக்கு நீங்க இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்கீங்க?"

"நானா?" சொர்ணம் வெட்கத்தோடு நாணலுக்குள் ஒதுங்கினாள். "என் குரல் உனக்குத் தெரியாதா? 'குவாக்'குன்னு இருக்கும். அத யாருட்டி கேப்பா?"

"உங்க முட்டை கேக்கும்," என்றாள் பேச்சி.

சொர்ணம் சுற்றும் முற்றும் பார்த்தாள். பேச்சியைத் தவிர யாரும் இல்லை. கூட்டின்மேல் குனிந்து, மெதுவாக, "குவாக்," என்றாள்.

முட்டைக்குள்ளிருந்து டக் டக் என்று யாரோ ஓட்டைத் தட்டினார்கள்.

சொர்ணத்தின் கண் நிறைந்துவிட்டது. அவள் மறுபடியும், இந்தமுறை சத்தமாக, "குவாக்!" என்றாள்.

ஊர் மெச்சுகிற பாட்டையெல்லாம் பிள்ளைகள் கேட்கட்டும், ஆனால் ஊருக்கு வெட்கப்பட்டுப் பெற்றவர்கள் தங்கள் சொந்தக் குரலை அவர்களிடமிருந்து மறைக்கக் கூடாது.